பாட்டைக் கண்ணால் பார்க்கலாம்!

குட்டீஸ்! செல்போனைத் தொட்டால் போதும், பாட்டு வந்துவிடும். அப்படியும் 2022-ல் அமெரிக்காவில் சி.டி.க்களைவிட கறுப்பு இசைத்தட்டுகளே அதிக எண்ணிக்கையில் விற்றன. ஏன் தெரியுமா?

இசைத்தட்டில் பாட்டு, சுருளாகச் செல்லும் நீண்ட பள்ளமாகப் பதிந்திருக்கிறது. தட்டு சுழலும்போது ஊசி அந்தப் பள்ளத்தின் நெளிவுகளில் அதிர்கிறது. அந்த அதிர்வுதான் மின்சாரமாக மாறி ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஊசியருகே காதை வைத்தாலும் பாட்டு மெல்லக் கேட்கும்!

எல்.பி. தட்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும். பிறகு எழுந்து திருப்பிப் போட வேண்டும். சட்டென்று அடுத்த பாட்டுக்குத் தாவ மனம் வராது. பொறுமையாக முழுதும் கேட்போம். அந்தச் சுகம்தான் பலரை இழுக்கிறது.

தாத்தா வீட்டுப் பரணில் இசைத்தட்டு இருந்தால், விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பாட்டு கண்ணுக்கே தெரியும்!