விழுந்த கையும் விழித்திருக்கும் மூளையும்

பக்கவாதம் வந்தவருக்குக் கை விழுந்துவிட்டது என்கிறோம். ஆனால் அந்தக் கையின் எலும்பும் தசையும் நரம்பும் அப்படியே இருக்கின்றன. பழுது மண்டைக்குள்! வலக்கை அசையவில்லையென்றால், கோளாறு பெரும்பாலும் இடப்பக்க மூளையில். அங்கே பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை கிடைக்கும்வரை நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. ஒரு டம்ளர் காபி குடிக்கும் ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு கோடி.

மடிந்தவை திரும்புவதில்லை. ஆனாலும் சில மாதங்களில் அதே கை டம்ளரைத் தூக்குவதுண்டு. எப்படி? தப்பிப் பிழைத்த அணுக்கள் புதிய இணைப்புகள் போட்டுக்கொண்டு அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. இதற்கு நரம்பு நெகிழ்மை என்று பெயர்.

1996இல் அமெரிக்க ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோவின் குழு, குரங்குகளின் மூளையில் கையை இயக்கும் பகுதியில் சிறு சேதம் உண்டாக்கிப் பார்த்தது. பயிற்சி பெறாத குரங்குகளில், சேதமடையாமல் மிஞ்சியிருந்த கைப் பகுதியும் சுருங்கியது. உழாமல் போட்ட நிலத்தைப் பக்கத்து வயல்காரர் வளைத்துக்கொள்வதுபோல, முழங்கையையும் தோளையும் இயக்கும் பகுதிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சின்னக் குழிகளிலிருந்து தீனியை எடுக்கப் பழக்கிய குரங்குகளிலோ கைப் பகுதி தன் இடத்தைக் காத்துக்கொண்டது. சிலவற்றில் முழங்கையின் இடத்துக்குள்ளும் பரவியது!

மனிதரிடம் இன்னொரு சிக்கல் உண்டு. ஆரம்ப நாட்களில் கை சொன்னபடி கேட்காததால் எல்லாவற்றுக்கும் நல்ல கையே முந்துகிறது. பிறகு ஓரளவு வலு திரும்பினாலும் பழுதான கையை நீட்டவே தோன்றுவதில்லை. இதைக் 'கற்றுக்கொண்ட கைவிடல்' எனலாம். உளவியலாளர் எட்வர்டு டாப் கண்ட தீர்வு விசித்திரமானது: நல்ல கையைக் கட்டிப்போடு! 2006இல் வெளியான ஆய்வில் 222 பேர் பங்கேற்றார்கள். மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது அசைந்தவர்கள் இவர்கள். அவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் நல்ல கையில் தடித்த உறை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தார்கள். ஓராண்டு கழித்தும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் கை நன்றாக வேலை செய்தது. நம் வீடுகளிலோ பாசத்தால் ஊட்டிவிடுகிறோம், பொத்தானும் போட்டுவிடுகிறோம். ஒரு பொத்தானுக்கு அப்பா பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளட்டும், அதுவும் வைத்தியம்தான்.

விரலே அசையாதவர்களுக்கு? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்கள் இல்லாத கையில் உணரும் வலிக்குக் கண்ணாடியை மருந்தாக்கியவர். 1999இல் அவரும் சகாக்களும் பக்கவாதம் வந்த 9 பேரிடம் அதைச் சோதித்தார்கள். இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடி நிற்கும். பழுதான கை அதன் பின்னால் மறைந்திருக்கும். அது இருக்க வேண்டிய இடத்தில் நல்ல கையின் பிம்பம் தெரியும். நல்ல கையை அசைத்தால், விழுந்த கையே அசைவதாகக் கண்கள் மூளைக்குச் சொல்லும். 2018இல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதனால் கையசைவு மேம்படுவது தெரிந்தது. தேவை, சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. எப்படி வைப்பது, எவ்வளவு நேரம் செய்வது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார்.