யூரோ ஹீரோ டு பெஞ்ச் பிளேயர்... ஃபெடெரிகோ கியேசாவுக்கு என்னதான் ஆச்சு?

104 நிமிடங்கள். 2024-25 சீசனில் லிவர்பூல் அணி பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கியபோது, அந்த லீக் முழுக்க ஃபெடெரிகோ கியேசா களத்தில் இருந்த மொத்த நேரம் இவ்வளவுதான். 38 போட்டிகளில் அவர் தலைகாட்டியது வெறும் 6-ல்.

இதே கியேசா, 2021-ல் இத்தாலி யூரோ கோப்பையை ஜெயித்தபோது தொடரின் சிறந்த லெவனில் இடம்பிடித்தவர். அப்போது அவருக்கு வயது 23. அடுத்த பத்து வருடத்துக்கு இத்தாலியின் முகமே இவர்தான் என்று பேசப்பட்டது. இடையில் என்ன நடந்தது? காயமா, கோச்சா, இல்லை வெறும் கெட்ட நேரமா?

யார் இந்த கியேசா?

1997 அக்டோபர் 25-ல் ஜெனோவாவில் பிறந்தவர். கியேசா என்றால் இத்தாலிய மொழியில் தேவாலயம். அப்பா என்ரிகோ கியேசாவும் இத்தாலி தேசிய அணிக்காக ஆடிய ஸ்ட்ரைக்கர். சாம்ப்டோரியா, பார்மா, ஃபியோரென்டினா என்று பெரிய கிளப்களில் கோல் அடித்தவர். வீட்டிலேயே கால்பந்து இருந்தது.

பையன் வளர்ந்தது ஃபுளோரன்ஸ் நகரத்தில். அங்கே இன்டர்நேஷனல் ஸ்கூலில் படித்ததால், இங்கிலீஷ் பேட்டிகளில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே சமாளிப்பார். ஃபியோரென்டினாவின் யூத் அணிகள் வழியாக வந்து, 2016 ஆகஸ்டில் யுவென்டஸுக்கு எதிராக சீரி ஏ அறிமுகம். 2019 ஜனவரியில் ரோமா அணியை ஃபியோரென்டினா 7-1 என்று நொறுக்கிய இத்தாலி கோப்பைப் போட்டியில் ஹாட்ரிக்.

2020 அக்டோபரில் அதே யுவென்டஸுக்கே கிளம்பினார். ஃபுளோரன்ஸ்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வலி கிடையாது. 1990-ல் ராபர்டோ பாஜியோவை யுவென்டஸுக்கு விற்றபோது அந்த ஊர் தெருக்களில் கலவரமே வெடித்தது. அந்தப் பகை இன்னும் ஆறவில்லை.

டீல் எப்படி? இரண்டு வருட லோனுக்கு 10 மில்லியன் யூரோ. அதன்பிறகு நிபந்தனைகள் நிறைவேறினால் 40 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியே ஆகவேண்டும். இந்த 40 என்ற எண்ணை ஞாபகம் வச்சுக்கங்க.

2021-ல் அப்படி என்ன செய்தார்?

யுவென்டஸின் முதல் சீசனிலேயே சாம்பியன்ஸ் லீகில் போர்ட்டோவுக்கு எதிரான இரண்டு போட்டிகளிலும் சேர்த்து 3 கோல். அப்படியும் அணி வெளியேறியது. ஆனால், அந்த அணியில் அன்று கிறிஸ்டியானோ ரொனால்டோவைவிட அதிகம் பேசப்பட்டவர் இவர்தான். அந்த மே மாதம் அட்லான்டாவுக்கு எதிரான இத்தாலி கோப்பை ஃபைனலில் வெற்றி கோலும் இவருடையதே.

அடுத்து யூரோ. கோச் ராபர்டோ மான்சினியின் முதல் சாய்ஸ் லெவனில் அவர் இல்லை. ஆஸ்திரியாவுக்கு எதிரான நாக்-அவுட் போட்டியில் மாற்று வீரராகத்தான் வந்தார். கூடுதல் நேரத்தில், வெகுதூரத்திலிருந்து வந்த பந்தைத் தலையால் அடக்கி, வலது காலால் ஒரு தட்டு, இடது காலால் கோல். 1996 யூரோவில் அப்பா என்ரிகோவும் கோல் அடித்திருந்தார். யூரோ வரலாற்றில் அப்பாவும் மகனும் கோல் அடித்தது அதுவே முதல்முறை.

அதன்பிறகு அவரை பெஞ்சில் உட்கார வைக்க முடியவில்லை. ஸ்பெயினுக்கு எதிரான அரையிறுதியில் இத்தாலிக்குப் பந்தே கிடைக்காமல் இருந்த நேரத்தில், ஒரே ஒரு கவுன்டர் அட்டாக்கில் பந்தை வளைத்து வலைக்குள் அனுப்பினார். இங்கிலாந்துக்கு எதிரான ஃபைனலில் 86-வது நிமிடத்தில் காயத்தோடு வெளியேறும்வரை எதிரணிக்குத் தலைவலி. கோப்பை இத்தாலிக்கு, 1968-க்குப் பிறகு முதல்முறையாக.

ரோமில் நடந்தது என்ன?

2022 ஜனவரி 9. ரோமா - யுவென்டஸ் போட்டி. 32-வது நிமிடத்தில் கியேசா இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். ஏசிஎல் கிழிந்திருந்தது.

சிம்பிளா சொன்னா, தொடை எலும்பையும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பையும் மூட்டுக்குள் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் ஒரு கயிறுதான் இந்த ஏசிஎல். கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும், மூட்டு அளவுக்கு மீறித் திருகாமலும் பார்த்துக்கொள்வது இதன் வேலை. முழுசா கிழிஞ்சா தானாகச் சேராது. பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே ஒரு தசைநாரை எடுத்து, அந்த இடத்தில் பொருத்துவார்கள். திரும்பவும் பந்தைத் தொட்டு முழுப் போட்டி ஆட 9 மாதமாவது ஆகும்.

கியேசா திரும்பி வந்தது நவம்பர் 2, 2022-ல், பிஎஸ்ஜி-க்கு எதிராக. கிட்டத்தட்ட 10 மாதம். அந்த இடைவெளியில், பாலெர்மோவில் நடந்த பிளே-ஆஃபில் வட மாசிடோனியாவிடம் கடைசி நிமிட கோலில் இத்தாலி தோற்று, கத்தார் உலகக் கோப்பையைக் கோட்டைவிட்டது. யூரோவில் கைகொடுத்தவர் அன்று களத்தில் இறங்க முடியாத நிலை.

ஒரு விங்கருக்கு ஏன் இது இவ்வளவு பெரிய அடி?

கோல்கீப்பருக்கோ சென்டர் பேக்குக்கோ இதே காயம் வந்தால் பொசிஷன் அறிவை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். விங்கரின் மொத்தப் பிழைப்பே ஓட்டத்தில்தான் இருக்கிறது. அதிலும் கியேசா நெய்மர் மாதிரி நின்ற இடத்தில் வித்தை காட்டுபவர் இல்லை. முழு வேகத்தில் ஓடிவந்து, சட்டென்று நின்று, திசை மாற்றி, மறுபடி சீறிப் பாய்வதுதான் அவருடைய ஆட்டம். ஏசிஎல் அதிகமாகச் சுமை தாங்குவது சரியாக இந்த நொடிகளில்தான்.

இன்னொன்று, மனசு. மூட்டு ஆறிய பிறகும், அந்தக் காலை நம்பி முழு எடையையும் போட மனசு தயங்கும். மைதானத்தில் அந்த அரை நொடித் தயக்கம் போதும், டிஃபெண்டர் பந்தைத் தட்டிவிடுவார்.

அப்போ காயம் மட்டும்தான் காரணமா?

இல்லை. இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது.

மான்சினி ஆடியது 4-3-3. அதில் இரண்டு ஓரத்திலும் விங்கருக்கென்று தனி இடம் உண்டு. காயத்துக்குப் பிறகு யுவென்டஸில் கோச் மாசிமிலியானோ அலெக்ரி அதிகம் நம்பியது 3-5-2. இந்த அமைப்பில் விங்கர் என்ற வேலையே கிடையாது. ஒன்று, ஓரத்தில் விங் பேக்காக டிஃபென்ஸும் சேர்த்துச் செய்யவேண்டும். இல்லையென்றால் நடுவில் இரண்டாவது ஸ்ட்ரைக்கர். கியேசாவுக்குக் கிடைத்தது இரண்டாவது வேலை. முதுகைக் கோலுக்குக் காட்டி, டிஃபெண்டர்களின் இடி வாங்கிக்கொண்டு பந்து வாங்கும் வேலை. ஓடுவதற்கு இடமே இல்லை.

ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஆளை வேலையைவிட்டுத் தூக்கவில்லை, ரோலைத் தூக்கிவிட்டார்கள். அப்படியும் 2023-24 சீரி ஏ-யில் 9 கோல் அடித்தார். மோசமான எண் இல்லை. ஆனால், 2021-ல் பார்த்த கியேசா அதில் இல்லை.

40 மில்லியன் எப்படி 12 ஆனது?

2024 கோடையில் புது கோச்சாக தியாகோ மோட்டா வந்தார். அவருடைய திட்டத்தில் கியேசா இல்லை என்பது சீக்கிரமே தெளிவானது. சீசனுக்கு முந்தைய பயிற்சிப் போட்டிகளும் அவருக்கு இல்லாமல் போயின. ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்ததோ ஒரே வருடம்.

கால்பந்து சந்தையில் விலையை நிர்ணயிப்பது திறமை மட்டும் இல்லை, ஒப்பந்தக் காலமும்தான். ஒரு வருடம் காத்திருந்தால் இலவசமாகவே கிடைக்கப்போகிற வீரருக்கு யாரும் முழு விலை கொடுக்கமாட்டார்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில், 12 மில்லியன் யூரோ மற்றும் அதிகபட்சம் 3 மில்லியன் போனஸுக்கு லிவர்பூல் அவரைத் தூக்கியது. நான்கு வருட ஒப்பந்தம்.

லிவர்பூலில் ஏன் இடம் கிடைக்கவில்லை?

பயிற்சி இல்லாமல் வந்த உடம்பு, இங்கிலாந்தின் வேகத்துக்குப் பழகவே மாதங்கள் பிடித்தன. தவிர, வலது ஓரத்தில் முகமது சாலா. காயமும் இல்லை, ஓய்வும் கேட்கமாட்டார். இடது ஓரத்தில் லூயிஸ் டியாஸும் கோடி காக்போவும். கோச் ஆர்னே ஸ்லாட்டுக்கு அணியை மாற்றவேண்டிய அவசியமே வரவில்லை.

கிடைத்த சில நிமிடங்களை அவர் வீணாக்கவில்லை. 2025 மார்ச்சில் நியூகாசிலுக்கு எதிரான லீக் கப் ஃபைனலில் மாற்று வீரராக வந்து, இஞ்சுரி டைமில் கோல் அடித்தார். லிவர்பூல் 1-2 என்று தோற்றதால் அது ஆறுதல் கோலாகவே நின்றுபோனது.

பலன் தந்த கோல் 2025 ஆகஸ்ட் 15-ல் வந்தது. டியோகோ ஜோட்டாவின் மரணத்துக்குப் பிறகு ஆன்ஃபீல்டில் நடந்த முதல் லீக் போட்டி. போர்ன்மவுத் இரண்டு கோல் திருப்பியடித்து 2-2. கடைசி நிமிடங்களுக்காக இறக்கப்பட்ட கியேசா, 88-வது நிமிடத்தில் அடித்தார். பிரீமியர் லீகில் அவருடைய முதல் கோல். போட்டி 4-2 என்று முடிந்தது.

இனி என்ன?

அந்த கோலுக்குப் பிறகும் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் பட்டியலில் முதலில் கியேசா பெயர் இல்லை. செப்டம்பர் இறுதியில்தான் சேர்க்கப்பட்டார். காரணம், அணிக்குப் புதிதாக வந்த 18 வயது இத்தாலியர் ஜியோவானி லியோனி, முதல் போட்டியிலேயே காயமடைந்து பட்டியலிலிருந்து வெளியேறினார். அந்தக் காயமும் ஏசிஎல்தான்.

வாரத்துக்கு 90 நிமிடம் ஆடும் கியேசாவை இனி பார்க்க வேண்டுமென்றால், விங்கருக்கு இடம் வைத்திருக்கும் ஒரு கோச்சும், தொடர்ந்து ஆட ஒரு கிளப்பும் அவருக்கு வேண்டும். அது லிவர்பூலிலேயே கிடைக்குமா, இத்தாலிக்குத் திரும்ப வேண்டியிருக்குமா என்பதுதான் கேள்வி. எங்கே ஆடினாலும் சரி, கடைசி பத்து நிமிடத்துக்கு அவரை இறக்கினால் எதிரணி லெஃப்ட் பேக் இன்னமும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்.