கூடமே பள்ளிக்கூடம்

வீட்டிலேயே கற்பிக்கத் துணியும் பெற்றோருக்குப் புத்தகப் பஞ்சம் இல்லை. எதை வாங்காமல் விடுவது என்பதுதான் சிக்கல்.

டிசம்பர் பிறந்தால் தில்லியில் குளிரோடு நர்சரி அட்மிஷன் ஜுரமும் சேர்ந்து வருகிறது. மேற்குத் தில்லியின் ஜனக்புரி இதற்கு விலக்கல்ல. வீட்டுக்கும் பள்ளிக்கும் எத்தனை கிலோமீட்டர், அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா, பெற்றோர் அதே பள்ளியின் பழைய மாணவர்களா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுகிறார்கள். பட்டியலில் பெயர் வராத வீடுகளிலும், பெயர் வந்தும் மனம் ஒப்பாத வீடுகளிலும் ஒரு கேள்வி எழுகிறது: கொஞ்ச காலம் நாமே சொல்லிக் கொடுத்தால் என்ன?

கேள்வி புதிதல்ல. வக்கீல் தொழிலை விட்டுக் குழந்தைகளிடம் வந்த கிஜுபாய் பதேகா, 1920ல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கியபோதே அடியும் மனப்பாடமும் இல்லாத கல்வியைப் பற்றித்தான் யோசித்தார். 1939ல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, உலகப் போரால் இங்கேயே தங்க நேர்ந்து, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் 1977ல் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார்.

வீட்டில் கற்பிப்பது என்று முடிவான மறுநாளே அடுத்த தலைவலி ஆரம்பம்: எதை வைத்துச் சொல்லிக் கொடுப்பது? பயந்துபோன பெற்றோர் முதலில் தேடுவது ஒரு முழுப் பெட்டியை. வருடம் முழுவதற்கும் நாள்வாரியாகப் பாடம், பயிற்சித் தாள், ஆசிரியர் கையேடு எல்லாம் அடங்கிய வெளிநாட்டுப் பாடத்திட்டம். பார்க்க அழகு. ஆனால் அமெரிக்கக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தால் ரூபாயும் பைசாவும் இல்லை. டைமும் நிக்கலும் இருக்கின்றன. எடை பவுண்டில், நீளம் அங்குலத்தில், வெப்பம் ஃபாரன்ஹீட்டில். லட்சம், கோடி கிடையாது, மில்லியன்தான். எண்களுக்கு நடுவே கமா போடும் இடமே வேறு. பிரிட்டிஷ் ஒலிப்பு முறைப் புத்தகங்களோ லண்டன் உச்சரிப்பை எதிர்பார்க்கின்றன. ஜனக்புரிக் குழந்தைக்கு ஒவ்வொரு பக்கத்தையும் பெற்றோர் மாற்றிச் சொல்ல வேண்டுமானால், பெட்டி வாங்கியதன் பயன் பாதி போய்விடுகிறது.

கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை ஏராளம். என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகங்களை அதன் இணையதளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மூன்று முதல் எட்டு வயதுவரையிலான குழந்தைகளுக்கான தேசியக் கலைத்திட்டம் 2022 அக்டோபரில் வெளியானது. அதன் அடிப்படையில் 2023 பிப்ரவரியில் வந்தது 'ஜாதுயி பிட்டாரா', அதாவது மாயப் பெட்டி. பொம்மை, புதிர், கைப்பாவை, படச்சீட்டு, கதைப் புத்தகம் என்று அதில் விளையாட்டுக்கே முதலிடம். இந்த வயதில் பாடப் புத்தகம் இரண்டாம்பட்சம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள்.

கதைப் புத்தகங்களுக்கு மெட்ரோ டிக்கெட் போதும். ஜனக்புரி மேற்கில் நீலத் தடத்தில் ஏறி மண்டி ஹவுஸில் ஊதாத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம் ஐ.டி.ஓ. அங்கே பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில், கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957ல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட். இன்னும் ஒரு நிலையம் தள்ளி தில்லி கேட். தரியாகஞ்ச் நடைபாதையில் நடந்துவந்த ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை 2019ல் அங்குள்ள மகிளா ஹாட்டுக்கு இடம் மாறியது. இலவசமாகப் படிக்க, பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளும் உண்டு. வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு படிகளாகப் பிரித்திருப்பது பெற்றோருக்கு வசதி.

தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு சோதனை. வீட்டில் தமிழ், பூங்காவில் இந்தி, புத்தகத்தில் ஆங்கிலம். மூன்று மொழிகளைப் பேசுவது குழந்தைக்குச் சுமையில்லை. மூன்று எழுத்துகளையும் ஒரே நேரத்தில் எழுதச் சொல்வதுதான் சுமை. பழகிய மொழியில் முதலில் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்கிறது தேசியக் கலைத்திட்டம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியிலேயே இருக்கிறது. அங்கே சேரும் குழந்தைக்குத் தமிழ் பாடமாகவே கிடைக்கும். வீட்டில் படிக்கும் குழந்தைக்கு அந்தப் பொறுப்பு முழுக்கப் பெற்றோருடையது.

தமிழ்நாட்டு அரசின் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தையும் இணையத்தில் பெறலாம். ஆனால் அது தெருவெல்லாம் தமிழ் கேட்டு வளரும் குழந்தைக்காக எழுதப்பட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதி வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்தது. ஜனக்புரிக்கு அது நெருக்கமாகப் பொருந்தும். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. ட, ப, ம என்ற மூன்றோடு புள்ளி வைக்கத் தெரிந்தால் படம், மடம், பட்டம் என்று படிக்க ஆரம்பித்துவிடலாம்.

கணக்கு இன்னும் சுலபம். மாண்டிசோரியின் புகழ்பெற்ற இளஞ்சிவப்புக் கோபுரத்தில் ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர்வரை பத்துக் கட்டைகள். தப்பாக அடுக்கினால் கண்ணுக்கே தெரிந்துவிடும். பெரியவர் திருத்த வேண்டாம். விலை கட்டுப்படியாகாதவர்கள் வீட்டுப் பல்லாங்குழியை எடுக்கலாம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து, ஆக எழுபது. புளியங்கொட்டை போதும். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டு வடிவியல் கற்பிக்கலாம் என்று காட்டிய அர்விந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், 2018ல் பத்மஸ்ரீ பெற்றார்.

எதை வாங்குவது என்று குழம்பினால் மூன்று கேள்விகள் போதும். குழந்தை இதைத் தானாக மறுபடி எடுக்குமா? கற்பிப்பவர் தினமும் எவ்வளவு நேரம் தயாரிக்க வேண்டும்? ஒரு மாதம் கழித்து இது ஒத்துவராவிட்டால் எவ்வளவு நஷ்டம்? இரண்டாவது கேள்வியைத்தான் பல வீடுகள் மறந்துவிடுகின்றன. பெரும்பாலும் அந்த வேலை அம்மாவின் தலையில் விழுகிறது. அவரது உத்தியோகமும் ஓய்வும் கணக்கில் வராத பாடத்திட்டம் எவ்வளவு சிறந்ததானாலும் நீடிப்பது கஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரைதான் பேசுகிறது. அதனால் நர்சரி, கே.ஜி. வயதில் பெற்றோருக்குத் தயக்கம் தேவையில்லை. ஆறு வயதுக்குமேல் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது பத்தாவது பிரிவு. மீறினால் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. தில்லி உயர் நீதிமன்றத்தில் இது வழக்கானபோது, விரும்பும் பெற்றோர் வீட்டுக் கல்வியைத் தொடரலாம் என்று 2012ல் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பிறகு அந்த நிலையிலிருந்து பின்வாங்கியது.

ஆகவே விவரமான பெற்றோர் இரண்டு கதவுகளைத் திறந்தே வைக்கிறார்கள். ஒன்று பள்ளி. எப்போது திரும்பினாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைச் சொல்லித்தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் நான்காவது பிரிவு. இன்னொன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வித் தேர்வுகளை அது நடத்துகிறது. பதினான்கு வயதானால் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதலாம்; தமிழை ஒரு பாடமாகவும் எடுக்கலாம். இந்தக் கதவுகள் திறந்திருக்க, குழந்தை என்ன படித்தது, என்ன வரைந்தது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வந்தால் நல்லது. பின்னால் எந்த வகுப்பில் சேர்த்தாலும் ஆசிரியருக்கு அது வழிகாட்டும்.

அந்த நோட்டுத்தான் முதல் செலவாக இருக்க வேண்டும். குழந்தை எதை விரும்புகிறது, எங்கே தடுமாறுகிறது என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம். பட்டியலில் பெயர் வந்ததா என்ற பதற்றத்திலிருந்து தப்பி வந்தவர்கள், பாடம் முடிந்ததா என்ற பதற்றத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்தால் குழந்தைக்கு லாபம் எதுவும் இல்லை.