கடிக்காத கொசுவின் அம்மா வழி

மீன் தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ‘பிளட் வார்ம்’ தெரிந்திருக்கும். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் கேட்டால், ஐஸ் கட்டியில் உறைந்த சிவப்புப் புழுக்களைத் தருவார்கள். மண்புழுவின் தம்பி என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை, அது ஒரு பூச்சியின் குழந்தை! குளத்தடிச் சேற்றில் ஆக்ஸிஜன் குறைவு. கிடைப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ள, நம் ரத்தத்தைப் போலவே அதன் உடம்பிலும் ஹீமோகுளோபின் உண்டு. சிவப்புக்குக் காரணம் அதுதான்.

வளர்ந்தபின் அது அசல் கொசு மாதிரி இருக்கும். சாயங்காலம் குளக்கரையில் நம் தலைக்கு மேலே புகைபோலச் சுழலும் கூட்டம் பெரும்பாலும் இதுதான். அடிக்கக் கையை ஓங்காதீர்கள், கடிக்காது. ரத்தம் உறிஞ்சும் ஊசி வாயே அதற்குக் கிடையாது. உட்காரும்போது கவனியுங்கள்: கொசு பின்னங்காலைத் தூக்கும், இது முன்னங்காலைத் தூக்கும். விஞ்ஞானிகள் ‘கைரோனோமிட்’ என்பார்கள். நமக்குக் ‘கடிக்காக்கொசு’ போதும்.

உலகில் 7,000-க்கும் மேற்பட்ட கடிக்காக்கொசு இனங்கள் இருக்கின்றன. இவற்றில் யார் யாருக்கு அண்ணன் தம்பி, யார் தூரத்துச் சொந்தம்? “மூக்கும் முழியும் அப்படியே அத்தை மாதிரி” என்று பாட்டி சொல்வாரே, அந்த வித்தை இங்கே எளிதில் பலிக்காது. அத்தனையும் பார்க்க ஒரே அச்சு. புழுக்களோ இன்னும் மோசம்.

அதனால் செல்லுக்குள் போய்த் தேடுகிறார்கள். ‘செல்லின் ஆற்றல் மையம்’ என்று பாடத்தில் படித்த மைட்டோகாண்ட்ரியா நினைவிருக்கிறதா? அதற்கென்று தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம் உண்டு. கடிக்காக்கொசுவில் அதன் நீளம் ஏறக்குறைய 16,000 எழுத்து, அதில் 37 மரபணுக்கள். மனிதருடைய வளையத்தில் 16,569 எழுத்து, மரபணுக்கள் அதே 37! கொசுவுக்கும் நமக்கும் இவ்வளவு ஒற்றுமையா என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்த வளையம் அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். உங்கள் தலைக்கு மேலே ஆடுகிற கூட்டம் முழுக்க அநேகமாக ஆண்கள்தான். பாவம், அவர்களுடைய வளையம் அவர்களோடு முடிந்துவிடும்.

சரி, வளையத்தை வைத்து உறவு கண்டுபிடிப்பது எப்படி? வீட்டுப்பாடத்தைக் காப்பியடித்தால் டீச்சர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? ‘தவளை’யை ஒருவன் ‘தளவை’ என்று எழுதியிருக்கிறான், பக்கத்து நோட்டிலும் ‘தளவை’. மாட்டிக்கொண்டார்கள்! அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு டி.என்.ஏ. நகல் எடுக்கப்படும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். அந்தப் பிழையும் தலைமுறை தலைமுறையாக நகலாகும். ஒரே பிழைகள் நிறைய இருக்கும் இரண்டு இனங்கள் நெருங்கிய சொந்தம். சேற்றில் எடுத்த புழுவும் விளக்கடியில் பிடித்த பூச்சியும் ஒரே இனமா என்று பார்க்க, வளையத்தில் ஒரே மரபணுவின் 658 எழுத்தை ஒப்பிட்டாலே பெரும்பாலும் போதும்.

ஆனால் டீச்சருக்கு ஒரு தொல்லை உண்டு. ‘முயற்சி’யைப் பாதி வகுப்பு ‘முயர்ச்சி’ என்றுதான் எழுதும். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. ‘ர’வும் ‘ற’வும் அப்படிப் படுத்துகின்றன. அதைக் காட்டி யாரையும் பெஞ்சு மேல் ஏற்ற முடியாது. பூச்சிகளிலும் இதே கதை. டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்து. கடிக்காக்கொசுவின் வளையத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏ-யும் டி-யும்தான். ஆகவே உறவே இல்லாத இருவரிடம் தற்செயலாக ஒரே பிழை விழலாம். புரதம் செய்யும் மரபணுக்கள் மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகின்றன. மூன்றாவது எழுத்து மாறினால் பெரும்பாலும் பொருள் கெடாது, அதனால் பிழைகள் அங்கேதான் குவியும். மிகப் பழைய உறவைத் தேடும்போது, மூன்றாவது எழுத்தை விட்டுவிட்டு எண்ணிப் பார்ப்பதும் உண்டு. அதுவும் போதாமல், அப்பா அம்மா இருவரின் கதையும் இருக்கிற உட்கரு டி.என்.ஏ.வையும் கேட்கிறார்கள்.

இந்த எழுத்துகளைப் படிக்க வழியே இல்லாத காலத்தில் ஒருவர் கடிக்காக்கொசுக்களின் வம்சாவளியை வரைந்தார். சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் புருண்டின். தென் அமெரிக்காவின் தென்கோடி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று குளிர்ந்த ஓடைகளின் பூச்சிகளைச் சேர்த்து ஒப்பிட்டார். நடுவே பெருங்கடல் கிடக்க, ஆஸ்திரேலியப் பூச்சிகளுக்கு நெருங்கிய சொந்தம் தென் அமெரிக்காவில் இருந்தது. காற்றடித்தால் நிற்க முடியாத பூச்சி கடலைத் தாண்டியா போயிருக்கும்? இந்த நிலங்கள் ஒருகாலத்தில் அண்டார்க்டிகா வழியாக ஒட்டியிருந்தன என்று 1966-இல் எழுதினார். கண்டம் நகரும் என்று சொன்னால் விஞ்ஞானிகளில் பலர் சிரித்த காலம் அது. அவர் கையில் இருந்தது ஒரு மைக்ரோஸ்கோப்பும், புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று மூன்று வயதிலும் சேர்த்து வைத்த உடல்களும்தான்.