கண்ணும் தலையும் காட்சியும்

ஐம்பொறிகளுள் கண்ணையே முதன்மையாகப் போற்றுதல் நம் முன்னோர் மரபு. கல்வியையும் அவர் கண்ணென்றே கூறினர். ஆயின், அக்கண் எவ்வாறு காண்கின்றது என வினவின், ஒளிப்படக் கருவியைப் போல அசையாது நின்று உருவத்தைப் பதித்துக்கொள்கின்றது என்றே நம்மிற் பலர் விடை பகர்வர். உண்மை அதுவன்று. கண் ஓயாது அசைவது. அதனைத் தாங்கிய தலையும் அசைவது. அசைவின்றிக் காட்சி இல்லை. அசைவை ஆளும் ஆற்றலின்றியும் காட்சி இல்லை. இதனைச் சில எளிய சோதனைகளால் ஈண்டு விளக்குவோம்.

கையை நேரே நீட்டிப் பெருவிரலின் நகத்தை நோக்குக. அந்நகத்தின் அகலம் ஏறத்தாழ 2 பாகை. நாம் நுணுக்கமாகக் காணும் பரப்பு அவ்வளவே. விழித்திரையின் நடுவிலுள்ள ஒரு சிறு குழிக்கே அத்தெளிவு உண்டு. சூழவுள்ளவை மங்கலாகவே தோன்றும். இவ்வரியில் ஒரு சொல்லை உற்றுநோக்கிக்கொண்டு, கண்ணை நகர்த்தாது, நான்கு சொல் தள்ளியுள்ளதை வாசிக்க முயல்க, இயலாமை புலப்படும். ஆதலின், தெளிவாகக் காணவேண்டிய ஒவ்வொன்றையும் நோக்கி அக்குழியைத் திருப்பவேண்டியுள்ளது.

வாசிக்குங்கால் நம் கண் வரியின்மீது நீரோட்டம்போற் செல்வதாக எண்ணுகின்றோம். அது தவளைப் பாய்ச்சலே என்பதைப் பிரான்சு நாட்டுக் கண் மருத்துவர் எமில் ஜவால் முதலியோர் 1870களின் இறுதியில் எடுத்துக்காட்டினர். கண் ஓரிடத்தில் ஏறத்தாழக் காற்செக்கன் தரித்து நிற்கும், பின்னர்ப் பாயும், மீண்டும் நிற்கும். ஆங்கிலம் வாசிப்போரிடத்து ஒரு பாய்ச்சல் ஏழெட்டு எழுத்தளவினது. தேர்ந்த வாசகரும் பத்துப் பாய்ச்சலுக்கு ஒன்றாயினும் பின்னோக்கிப் பாய்வர். எனவே, சொன்ன சொல்லைத் திரும்ப நோக்குதல் மந்தபுத்தியின் அடையாளமன்று.

பாயும்போது உலகம் ஏன் கலங்கித் தோன்றவில்லை? நிலைக்கண்ணாடியின்முன் நின்று, நும் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி நோக்குக. கண் அசைவதை அருகே நிற்கும் நண்பர் காண்பார், நீவிர் காணமாட்டீர். பாயுங் கணத்திற் பார்வை மட்டுப்படுகின்றது. அமெரிக்க உளநூலறிஞர் ரேமண்ட் டொட்ஜ் 1900இல் இவ்வுண்மையை ஆராய்ந்து எழுதினார். கண் நிற்கும் கணத்திலும் நுண்ணிய நடுக்கம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர், கண்ணசைவோடு உருவமும் ஒருசேர அசையுமாறு கருவி அமைத்தனர். விழித்திரையில் ஒரே இடத்தில் நிலைத்த அவ்வுருவம் சில செக்கன்களில் மங்கி மறைந்தது!

இனித் தலையசைவைக் கவனிப்போம். தலையை அசையாது வைத்து, இம்மலரை இடமும் வலமும் விரைந்து அசைத்து வாசிக்க முயல்க, எழுத்துக்கள் கலங்கும். பின்னர், மலரை அசையாது பிடித்துத் தலையை அதே விரைவில் அசைக்குக. எழுத்துக்கள் நிலைத்து நிற்கும். அசைவு ஒன்றே, பயன் வேறு. காரணம் என்னை? ஒவ்வோர் உட்காதிலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள. தலை திரும்புங்கால் அவற்றினுள்ளிருக்கும் நீர் சற்றே பின்தங்கி, நுண்ணிய மயிர்களை வளைக்கின்றது. அச்செய்தி நரம்பு வழியே கண் தசைகளை அடைய, தலை வலம் திரும்பும்போதே கண் இடம் திரும்புகின்றது. இதற்கு நூறிலொரு செக்கனே போதும். அசையும் மலரைக் கண் பின்தொடர்வதற்கோ பத்திலொரு செக்கன் வேண்டும்; அதற்குள் மலர் வேறிடம் சென்றுவிடும்.

இவ்வுறுப்புப் பழுதுபடின் நேர்வதை மருத்துவர் ஒருவர் தம் அனுபவமாகவே 1952இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் எழுதினார். ஸ்ரெப்ரோமைசின் மருந்தினால் அவரது உட்காதின் சமநிலை உணர்வு அழிந்தது. நடக்கும்போது எதிர்ப்படுவோர் முகம் அவருக்குத் தெளிவாகவில்லை, நின்றால்மட்டுமே தெளிந்தது. நாடித்துடிப்பினால் தலை அசைவதே எழுத்துக்களைத் துள்ளச் செய்தமையால், கட்டிலின் இரும்புக் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கிவைத்து வாசித்தாராம். அவர் கண்களிற் குறையேதும் இல்லை என்பது நோக்கற்பாலது.

முற்றத்து மாடப்புறாவும் இதற்குச் சான்று பகரும். அது நடக்குங்கால் தலையை முன்னே நீட்டி, உடல் வந்து சேரும்வரை அதனை அசையாது நிறுத்துகின்றது. 1978இல் கனடாவில், புறாவை உருளும் பட்டையொன்றில் நடக்கவிட்டனர். சூழலைப் பொறுத்து உடல் முன்செல்லாமையால், அது தலையை ஆட்டவில்லை. நடைக்காகவன்று, காட்சிக்காகவே அவ்வாட்டம் என்பது இதனாற் பெறப்பட்டது.

இவ்வறிவு வகுப்பறைக்கு மிக வேண்டியது. "தலையை நேரே வைத்து வாசி" என அதட்டுதல் நம் பள்ளிகளில் வழக்கம். சில பிள்ளைகளின் கண்கள் தம் வயமின்றி ஊசலாடும். ஒரு பக்கமாக நோக்கும்போது அவ்வூசல் தணிதலால், அவர் தலையைத் திருப்பிவைத்து வாசிப்பர். வேறு சிலர்க்குக் கண்ணின் தசையொன்று தளர்ந்திருக்கும். பொருள் இரண்டாகத் தோன்றாதிருக்கத் தலையைச் சாய்ப்பர். இவர்தம் தலையை நிமிர்த்துவது ஒழுக்கம் கற்பிப்பதாகாது. உள்ள பார்வையையும் பறிப்பதாகும். அத்தகைய பிள்ளையை அதற்கு வசதியான பக்கத்தில் இருத்துக. பெற்றோர்க்கு அறிவித்துக் கண் மருத்துவரிடம் காட்டச் செய்க. புதிதாய் வாசிக்கப் பழகும் சிறுவர் வரியின்கீழ் விரல் வைப்பதையும் கடிதல் வேண்டா. பாயுங் கண்ணுக்கு அது ஊன்றுகோல்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் ஆசிரியராயும் பெற்றோராயும் விளங்குகின்றனர். சாய்ந்த தலையொன்றைக் காணுமிடத்து, சினப்பதன்முன் அதன் காரணத்தை வினவுதல் அவர்தம் கடனாகும். அவ்வினாவினால் ஒரு பிள்ளையேனும் தெளிவாக வாசிக்கப்பெறின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகக் கொள்வோம்.