பாம்பின் கருவளர்ச்சி

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. அங்ஙனம் நடுக்கந்தரும் பாம்பும் ஒருகாலத்தில் முட்டையினுள்ளே கடுகளவினதாய்க் கிடந்ததென்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆசிரியர் தொல்காப்பியனார், பறவைகளின் இளமைக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களையே தவழும் உயிர்களுக்கும் உரியவாக மரபியலில் வகுத்துள்ளார். அம்மரபு எத்துணைப் பொருத்தமுடையதென்பது, பாம்புமுட்டையைக் கோழிமுட்டையோடு ஒப்பிட்டு நோக்கின் நன்கு விளங்கும். நம் வயல்வெளிகளில் எலிவளைகளிலும் புற்றுக்களிலும் முட்டையிடும் நல்லபாம்பை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

நல்லபாம்பு ஒருமுறைக்குப் பெரும்பாலும் 12 முதல் 30 வரை முட்டைகள் இடும். கோழிமுட்டையின் ஓடு சுண்ணாம்பு மிகுந்து கெட்டியாயிருப்பது. பாம்புமுட்டையின் ஓடோ மெல்லிய தோல் போன்று வளையுந் தன்மையது. கோழிமுட்டையில் வெண்கரு மிகுதி. கருவுக்கு வேண்டும் நீர் அதனுள்ளேயே அமைந்துளது. பாம்புமுட்டையில் வெண்கரு மிகக் குறைவு. அக்குறையை மண்ணின் ஈரமே நிரப்புகின்றது. ஓட்டின் வழியாக நீரை உறிஞ்சி, முட்டை நாளடைவிற் பருக்கின்றது. மண் மிக வறண்டாலோ முட்டை சுருங்கிக் கரு மடியும். கோழி தன் உடற்சூட்டால் அடைகாக்கும். நல்லபாம்பு முட்டைகளின் அருகே காவலிருப்பினும், சூட்டைத் தருவது நிலமே.

புறத்தே இங்ஙனம் வேறுபடினும், அகத்தமைப்பில் இரண்டும் ஒன்றே. மஞ்சட்கருவைச் சூழ்ந்த பை கருவுக்கு உணவூட்டுகின்றது. நீர்நிறைந்த பனிக்குடம் அதனை அதிர்ச்சியினின்றும் உலர்தலினின்றும் காக்கின்றது. மூன்றாவதொரு பை கழிவுப்பொருளைத் தேக்கிவைப்பதோடு, ஓட்டின் உட்புறத்தை அடுத்துப் பரந்து, குருதிக்குழாய்களின் வாயிலாக மூச்சுக்காற்றையும் வாங்குகின்றது. இவையனைத்தையும் சூழ்ந்து வெளிச்சவ்வொன்று உளது. இந்நான்கும் பாம்புக்கும் பறவைக்கும் பொது. தாய்வயிற்றில் வளரும் மக்கட்கருவுக்கும் இவை உண்டு.

முட்டை இடப்படும்பொழுதே பாம்பின் கரு ஓரளவு வளர்ந்திருக்கும். இதயம் துடிக்கும், உடல் கடிகாரத்தின் சுருள்வில்லைப் போலச் சுருண்டிருக்கும். முதுகெலும்புக்கு வித்தாகிய துண்டங்கள் தலைப்புறத்திலிருந்து வாலை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. கோழியின் கருவில் இவை ஏறத்தாழ 55. அமெரிக்க நாட்டுச் சோளப்பாம்பின் கருவில் 300க்கும் மேல். இவ்வேறுபாட்டின் காரணம் 2008ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று. துண்டங்கள் பிரியும் காலத்தை வரையறுக்கும் உள்ளியக்கம், பாம்பின் கருவில் அதன் வளர்ச்சியை நோக்க மிக விரைந்து நடைபெறுகின்றது. ஆதலின் துண்டங்கள் சிறியனவும் பலவுமாகின்றன. பாம்பின் நெடுமை, கருவிற் காலக்கணக்கால் அமைந்ததொன்று என்க.

காலின்மைக்கும் காரணம் முட்டையினுள்ளேயே உளது. மலைப்பாம்பின் கருவிற் பின்னங்கால் முளைகள் தோன்றி முற்றாது நின்றுவிடுகின்றன. வளர்ந்த மலைப்பாம்பின் வாலடியிற் காணும் இரு சிறு நகங்கள் அவற்றின் எச்சமே. நல்லபாம்புக்கு அவ்வெச்சமும் இல்லை. நஞ்சுப்பல்லின் செய்தி இன்னும் வியப்புடையது. நாகத்தின் மேல்தாடையில் முன்னே நிற்கும் அப்பல், கருவிற் பின்புறத்தே தோன்றிப் பின்னர்த் தாடையின் வளர்ச்சியால் முன்வந்து சேர்கின்றது. இதுவும் 2008இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியின் முடிபு.

செதிலும் நிறமும் இறுதியிற் புலப்படும். ஏறத்தாழ இரண்டு திங்களில் வெளிவருங் காலம் வந்துறும். கோழிக்குஞ்சு தன் அலகின்மேலுள்ள கொம்புமுனையால் ஓட்டை உடைக்கும். பாம்பின் பிள்ளைக்கோ மேல்தாடையின் நுனியில் உண்மைப் பல்லே முளைத்து, ஓட்டைக் கிழித்தபின் சின்னாளில் விழுந்துவிடும். எஞ்சிய மஞ்சட்கரு வயிற்றினுட் சென்று முதற்சில நாட்களுக்கு உணவாகும். வெளிவந்த அன்றே அதற்கு நஞ்சும் உண்டு, படமெடுக்கவும் வல்லது. சிறிதென்று கருதிக் கையாற்றொடுதல் பெருந்தீங்காய் முடியும்.

எனினும் அச்சம் ஒன்றே கொண்டு, வரப்பு வெட்டுங்கால் அகப்படும் முட்டைகளை நசுக்குதல் முறையன்று. பயிரை அழிக்கும் எலிக்குப் பகையாய் நின்று உழவர்க்கு உதவுவது இவ்வுயிர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், ஊர்வனவற்றின் முட்டைகளைச் சிதைத்தலை வேட்டையாடுதலாகவே கொள்கின்றது. கோழிக்குஞ்சைக் கண்டு மகிழும் நாம், அதே நான்கு சவ்வுகளினுள்ளே அதே இதயத்துடிப்போடு வளரும் இப்பிள்ளையையும் தொடாது விட்டு, விலகி நிற்கக் கற்றல் வேண்டும்.