பாட்டியின் முகத்துக்கு 15,680 தையல்

பழைய ஆல்பத்தில் இருக்கும் பாட்டியின் படத்தை நூலால் தைத்து, சட்டம் போட்டு மாட்ட வேண்டும். பூத்தையல் பழகிய பலருக்கும் இருக்கும் ஆசை இது. முன்பெல்லாம் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பித்தான் டிசைன் எடுப்பார்கள். இன்று ஸ்டிச் ஃபிடில் போன்ற இணையச் செயலியில் படத்தை ஏற்றினால் சில நொடிகளில் கட்டப்படம் வந்துவிடுகிறது. அதை அப்படியே நம்பி ஊசியை எடுத்தால், மாதக்கணக்கில் உழைத்த பிறகும் முகம் அடையாளம் தெரியாமல் போகலாம். இதற்கான காரணம் கணக்கில் இருக்கிறது.

அங்குலத்துக்கு 14 கட்டம்

கிராஸ் ஸ்டிச் போடும் ஐடா துணியில் பரவலாகக் கிடைப்பது அங்குலத்துக்கு 14 கட்டம் கொண்டது. 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள படத்துக்கு, குறுக்கே 112, நெடுக்கே 140 கட்டங்கள். மொத்தம் 15,680 தையல். மணிக்கு 100 தையல் போட்டாலும் ஏறக்குறைய 157 மணி நேர வேலை. 12 மெகாபிக்சல் படத்திலோ 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அப்படியானால் 700க்கும் மேற்பட்ட புள்ளிகள் கலந்து ஒரே தையல் ஆகின்றன.

முகத்தின் அகலம் ஐந்து கண்ணின் அகலம் என்பது ஓவியர்களின் கணக்கு. படத்தின் பாதி அகலத்தை முகம் நிறைத்தால் 56 தையல்; கண்ணுக்கு 11 தையல் கிடைக்கும். பார்வையைக் காட்ட அது போதும். பத்துப் பேர் வரிசையாக நிற்கும் கல்யாணப் படத்தில் ஒருவர் முகத்துக்கு ஐந்தாறு தையல்தான் வரும், கண்ணுக்கு ஒன்று. அதில் யாரையும் அடையாளம் காண முடியாது. ஆகவே ஒரே முகம் உள்ள, ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழுந்த படத்தைத் தேர்ந்தெடுங்கள். பின்னணியை வெட்டிவிடுங்கள்.

நூல் பெட்டியில் எத்தனை நிறம்?

டிஜிட்டல் படத்தில் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள் வரை இடம்பெறலாம். பிரான்சின் டி.எம்.சி. நிறுவனத்தின் ஆறிழைப் பருத்தி நூலில் இருப்பவை சுமார் 500. ஒவ்வொரு கட்டத்துக்கும் மிக நெருங்கிய நூல் எண்ணைச் செயலி தேடித் தருகிறது. கன்னத்து நிழலை மென்மையாக்க, இரண்டு மூன்று நிறங்களைத் தூவினாற்போல் கலந்தும் வைக்கிறது. இதற்கு டித்தரிங் என்று பெயர். திரையில் அது அழகு. துணியிலோ ஒவ்வொரு ஒற்றைத் தையலுக்கும் நூலை மாற்றியாக வேண்டும். பின்பக்கம் முடிச்சுக் காடாகிவிடும். அந்த வசதியை அணைத்துவிட்டு 20, 25 நிறங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பல புள்ளிகள் ஒரே தையலாகக் கலக்கும்போது முதலில் தொலைவது பாட்டியின் மூக்குத்தி. சின்னஞ்சிறு ஒளிப்புள்ளி என்பதால் சுற்றியுள்ள தோல் நிறத்தில் கரைந்துவிடும். அந்த ஒரு கட்டத்தை நீங்களே வெள்ளையாக்க வேண்டும். இமைக்கோட்டையும் உதட்டுக்கோட்டையும் ஒற்றை இழையில் பேக் ஸ்டிச் போட்டு எடுத்துக்காட்ட வேண்டும். பாட்டியின் முகத்தில் எது முக்கியம் என்பது செயலிக்குத் தெரியாது, பேத்திக்குத் தெரியும்.

குரோஷாவில் கட்டம் சதுரமல்ல

தைக்காமல் குரோஷாவில் பின்னுவதானால் இன்னொரு கணக்கும் உண்டு. முதலில் ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னி அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு 16 கண்ணியும் 20 வரிசையும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 160க்கு 160 என்று சதுரக் கட்டத்தில் எடுத்த டிசைன், பின்னி முடித்ததும் 100 சென்டிமீட்டர் அகலமும் 80 சென்டிமீட்டர் உயரமுமாக நிற்கும். முகம் அமுங்கிப் பரந்துவிடும். உயரத்தை 200 வரிசையாக்கினால்தான் சரியாகும். செயலியில் இந்த அளவைக் கொடுத்த பிறகே படத்தை ஏற்ற வேண்டும்.

பின்னாத நிறத்து நூலையும் கண்ணிக்குள்ளேயே இழுத்துச் செல்வதால் ஒரு வரிசைக்கு இரண்டு மூன்று நிறத்துக்கு மேல் கை தாங்காது. ஃபிலே என்ற குரோஷா முறையில் நிரப்பிய கட்டம், வெற்றுக் கட்டம் என இரண்டே நிலைகள்தாம். அதற்குக் கறுப்பு வெள்ளை நிழலுருவமே பொருந்தும்.

பழைய கலை

படத்தைக் கட்டமாக்கும் வேலை கணினியோடு வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெர்லினில் கட்டத் தாள்களை அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். துளை அட்டைத் தறியைச் செம்மைப்படுத்திய ஜக்கார்டின் உருவத்தை 1839இல் லியோன் நகரில் பட்டில் நெய்தபோது சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. காஞ்சிபுரம் சேலையின் அன்னமும் யாளியும்கூடக் கட்டத் தாளில் வரையப்பட்டு, பிறகு ஜக்கார்டு அட்டையில் துளைகளாகித் தறிக்கு வந்ததுண்டு.

தைக்கத் தொடங்குமுன் கட்டப்படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பாட்டியை அறிந்த ஒருவரைப் பத்தடி தள்ளி நிறுத்தி, யார் என்று கேளுங்கள். உடனே சொன்னால் ஊசியில் நூல் கோத்துக்கொள்ளுங்கள். தயங்கினால் மறுபடி உட்கார்ந்து திருத்துங்கள். 157 மணி நேர உழைப்புக்கு முன் செலவிடும் அந்த ஒரு மணி நேரம் வீண்போகாது.